மண்ணுக்குக் கீழே போகிற பணம்

இந்த இதழுக்கு ரோடு, சாக்கடை, வரி பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். நகராட்சிகளின் கணக்குப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் ஆசிரியர் இவற்றை என்னிடம் தள்ளிவிட்டார். நான் இன்ஜினியர் இல்லை. பில்லும் வவுச்சரும் வழியாகத்தான் ஊரைப் பார்த்திருக்கிறேன், பதிலும் அந்த வழியில்தான் வரும்.

அயனாவரத்திலிருந்து ஒரு வாசகி: "எங்கள் வீடு 1,000 சதுர அடி. சொத்து வரியாக அரையாண்டுக்கு 1,200 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம். 2022-க்குப் பிறகு 2,100 ஆகிவிட்டது. தெருவில் மட்டும் அதே பள்ளம். எங்கள் பணம் எங்கே போகிறது?"

கணக்கு சரிதான். பழைய சென்னைப் பகுதியில் 601 முதல் 1,200 சதுர அடி வரையுள்ள குடியிருப்புகளுக்கு 2022-இல் 75 சதவீதம் ஏற்றினார்கள். 600 அடிக்குள் 50 சதவீதம், 1,800-க்கு மேல் போனால் 150. ஒரேயடியாக ஏற்றியதால் வலித்தது, நியாயம்தான். ஆனால் அதற்கு முன் ஊர் முழுக்க வரியை மாற்றியமைத்த பொதுச் சீராய்வு நடந்தது 1998-இல். நடுவில் 24 வருடம். அந்த 24 வருடத்தில் உங்கள் தெருவைக் கூட்டுகிறவரின் சம்பளமும், குப்பை லாரியின் டீசலும், தெருவிளக்கின் கரண்ட் பில்லும் எத்தனை மடங்கு ஏறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தேர்தல் பயத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். கடைசியில் மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்காத மாநிலங்களில் நகரங்களுக்கு மானியம் கிடையாது என்று நிபந்தனை போட்டது. வேறு வழியில்லாமல் ஏற்றினார்கள்.

சரி, பணம் எங்கே போகிறது? சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. அதை அள்ளி, ஏற்றி, கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குகளுக்குக் கொண்டுபோக வேண்டும். சம்பளம், ஓய்வூதியம், விளக்கு, கொசு மருந்து, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் தினச் செலவு. சொத்து வரியின் பெரும்பகுதி இங்கேயே கரைந்துவிடும். உங்கள் தெருவுக்குப் புதிதாக ரோடு போடும் பணம் பெரும்பாலும் வேறு பையிலிருந்து வருகிறது: மாநில அரசின் சாலைத் திட்டங்கள், நிதிக்குழு மானியம், எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதி நிதி. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. நீங்கள் வீடு வாங்கிப் பதிவு செய்தபோது கட்டிய 7 சதவீத முத்திரைத் தீர்வையில் 2 சதவீதம் உள்ளாட்சிக்கு உரியது. தொழில் வரி இன்னொன்று. அதற்கு அரசியல் சாசனத்தில் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று 1988-இல் உச்சவரம்பு வைத்தார்கள், இன்று வரை அசையவில்லை. மாதம் ஐந்து லட்சம் வாங்குகிறவரிடமும் அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்க முடியாது. இது எனக்கு வேலையில் இருந்த காலம் முழுக்க ஆத்திரம் மூட்டிய விஷயம், இப்போதும்தான்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கட்டுவதற்குப் பணம் தர நிறைய பேர் இருக்கிறார்கள். கட்டியதைப் பராமரிக்கப் பணம் தருவது நீங்களும் நானும்தான்.

நான் வேலை பார்த்த ஒரு நகராட்சிக்கு, சாக்கடை அடைப்பு எடுக்கும் ஜெட்ராடிங் வண்டி மானியத்தில் வந்தது. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, போட்டோ எடுத்தார்கள். டீசலுக்கும் டிரைவருக்கும் அந்த வருட பட்ஜெட்டில் தலைப்பே இல்லை, அதாவது பணம் ஒதுக்கவே இல்லை. மானியத்தில் அதற்கெல்லாம் இடம் கிடையாது. எட்டு மாதம் ஷெட்டில் நின்றது. பேட்டரி இறங்கி, ஹோஸ் பைப்பை எலி கடித்துவிட்டது. அந்த எட்டு மாதமும் ஆட்கள் மூங்கில் பிளாச்சை வைத்துக் குத்தித்தான் அடைப்பு எடுத்தார்கள். மழை நாளில் ஒருவர் முழங்கை வரை சாக்கடையோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "மேடம், வண்டிக்கு டீசல் போட மாட்டீங்களா?" என்று கேட்டார். கோப்பு என் மேசையில்தான் இருந்தது. வேறு தலைப்பிலிருந்து மாற்ற அனுமதி கேட்டு நான் எழுதிய குறிப்பு மூன்று முறை திரும்பி வந்து, நான்காவது முறைதான் பாஸ் ஆனது. அந்த மனிதரின் முகம் இன்னும் மறக்கவில்லை.

வியாசர்பாடி வாசகர்: "தெருவிளக்கு எரியவில்லை. யாரிடம் சொல்வது?"

1913-க்கு போன் செய்யுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கம்பத்தில் ஒரு எண் எழுதியிருக்கும், அதையும் சேர்த்துச் சொன்னால் ஆள் நேராக அங்கே வருவார்.

வேளச்சேரி வாசகர்: "போன வருடம் ரோடு போட்டார்கள். ஆறே மாதத்தில் தோண்டினார்கள். மூடிய இடம் இப்போது வாய்க்கால் மாதிரி உள்வாங்கிவிட்டது. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவே மாட்டார்களா?"

சென்னை மாநகராட்சியின் கையில் உட்சாலைகள் மட்டும் 5,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. மேலே இருக்கிற தார் மாநகராட்சியுடையது. கீழே இருக்கிற குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் 1978-இல் தனியாகப் பிரிக்கப்பட்ட குடிநீர் வாரியத்துடையது. மழைநீர் வடிகால் மறுபடி மாநகராட்சி. கேபிள் மின்வாரியம். இன்டர்நெட் வயர் தனியார். அண்ணா சாலை மாதிரிப் பெரிய சாலையென்றால் நெடுஞ்சாலைத் துறை. ஒரே தெருவுக்கு இத்தனை சொந்தக்காரர்கள், ஒவ்வொருவருக்கும் தனி பட்ஜெட், தனி மார்ச் 31. அவரவர் பணம் காலாவதி ஆகும் முன் அவரவர் தோண்டுகிறார்கள்.

தோண்டுகிறவர் முன்கூட்டியே அனுமதி வாங்கி, ரோட்டைச் சரிசெய்யும் கட்டணத்தை மாநகராட்சியிடம் கட்ட வேண்டும் என்பது விதி. ஆகவே பள்ளத்தை மூடப் பணம் பெரும்பாலும் ஏற்கனவே வசூலாகியிருக்கும். இது பலருக்குத் தெரியாததால் "நிதி இல்லை" என்ற பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. ரோடு போட்ட ஒப்பந்ததாரருக்கு ஒரு பொறுப்புக் காலம் உண்டு. அது முடியும் வரை அவருடைய வைப்புத்தொகை பிடித்து வைக்கப்பட்டிருக்கும். வெட்டாத இடத்தில் ரோடு பெயர்ந்தால் அந்தக் காலத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். பணம் திரும்பப் போகிற கோப்பு எங்கள் பிரிவுக்கு வரும்போது அதில் ஒரு புகார்க் கடிதம் இருந்தால், எந்தக் கணக்கரும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட மாட்டார். பணம் போன பிறகு நீங்கள் எவ்வளவு கத்தினாலும் பிரயோஜனமில்லை.

இரண்டாவது, எம்-புக். அளவுப் புத்தகம் என்று அதற்குப் பெயர். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு கனம் என்று இன்ஜினியர் அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பில் பாஸ் ஆகும். பக்கங்களில் எண் போட்டிருக்கும், கிழிக்க முடியாது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு உங்கள் தெருவின் எம்-புக் பக்கத்தைக் கேளுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்ததாக அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தும் உங்கள் வாசற்படி ரோட்டுக்குக் கீழே போயிருந்தால், செய்யாத வேலைக்குப் பணம் போயிருக்கிறது என்று அர்த்தம்.

சிட்லபாக்கம் வாசகி: "தாம்பரம் மாநகராட்சி ஆன பிறகு எங்கள் பக்கம் பாதாளச் சாக்கடை வரும், வீட்டுக்கு இவ்வளவு என்று முன்பணம் கேட்பார்கள் என்கிறார்கள். செப்டிக் டேங்க் லாரிக்கே பணம் அழுகிறோம். முன்பணம் கொடுத்து ஏமாந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. கொடுக்கலாமா?"

இந்தக் கேள்விக்கு நான் கணக்கராக இல்லாமல், நங்கநல்லூர்க்காரியாகப் பதில் சொல்கிறேன். இதே பயம் எங்கள் வீட்டிலும் இருந்தது.

தொண்ணூறுகளில் நங்கநல்லூர் ஆலந்தூர் நகராட்சியில் இருந்தது. பாதாளச் சாக்கடை கிடையாது. ஐப்பசி மழை பிடித்தால் நிலத்தடி நீர் ஏறி, செப்டிக் டேங்க் நிரம்பி, கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் கீழே இறங்காது. ராத்திரி பதினொரு மணிக்கு லாரி வரும். குழாயைப் பின்பக்கச் சந்து வழியாக இழுத்து வருவார்கள், அடுத்த நாள் மதியம் வரை அந்த வாடை போகாது. என் மாமியார் கிணற்றுத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடத்தில் ஊற்றுவார்.

அப்போது நகராட்சித் தலைவராக இருந்தவர் ஆர்.எஸ்.பாரதி. வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் 10,000 என்று முன்பணம் கட்டினால் பாதாளச் சாக்கடை கொண்டுவரலாம் என்று நலச்சங்கங்கள் மூலமாக வீடு வீடாக வந்து கேட்டார்கள். அன்றைக்கு 5,000 என்பது எங்களைப் போன்ற குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை. "நீயே நகராட்சியில வேலை பாக்கற. இது நடக்கும்னு நம்பறியா?" என்று என் கணவர் கேட்டார். நான் வேலை பார்த்தது வேறு ஊரில். ஆனாலும் அந்தக் கேள்வி சுருக்கென்றது.

நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் விசாரித்தேன். முன்பணம் எந்தக் கணக்கில் போகிறது? நகராட்சியின் பொதுக் கணக்கில் கலக்காமல் தனிக் கணக்கில் வைக்கிறார்கள் என்று தெரிந்தது. எனக்கு அது போதும். பொதுக் கணக்கில் விழுந்த பணம் சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் ஓடிவிடும், அதை என் கையாலேயே நான் எத்தனையோ முறை செய்திருக்கிறேன். தனிக் கணக்கில் இருந்தால் கேட்கலாம், காட்டச் சொல்லலாம். சீட்டு எடுத்த பணத்தைக் கொண்டுபோய்க் கட்டினேன். ரசீதை ரேஷன் கார்டோடு டிரங்குப் பெட்டியில் வைத்தேன், இன்றும் இருக்கிறது.

மொத்தத் திட்டம் சுமார் 34 கோடி ரூபாய். மக்கள் பணம் அதில் ஒரு பகுதிதான். மிச்சம் பெரும்பாலும் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் வழியாக வந்த கடனும் மானியமும். 1996-இல் ஏற்பட்ட அந்த நிதியத்தில் மாநில அரசோடு தனியார் நிதி நிறுவனங்களும் பங்கு வைத்திருந்தன, அதனால் திரும்ப வராத கடனை எளிதில் கொடுக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கான வீடுகள் முன்பணம் கட்டியிருக்கின்றன, இணைப்புக்குப் பிறகு மாதம் 150 ரூபாய் கட்டுவார்கள் என்று காட்டியதால் கடன் கிடைத்தது. சுத்திகரிப்பு நிலையத்தைப் பெருங்குடியில் தனியார் முதலீட்டில் கட்டினார்கள்.

தோண்டின இரண்டு வருடமும் சொல்லி மாளாது. ஸ்கூல் பிள்ளைகள் பலகை மேல் நடந்து போனார்கள். என் மாமியார் ஒருமுறை சகதியில் விழுந்து மணிக்கட்டு பிசகிக்கொண்டார். "உன் 5,000 ரூபாய் பண்ற வேலையைப் பாரு" என்று கட்டுப் போட்ட கையோடு திட்டினார். அப்புறம் ஒரு நாள் பிளம்பர் வந்து வீட்டுக் குழாயைத் தெருத் தொட்டியில் இணைத்தார். அந்த ஐப்பசியில் லாரியைக் கூப்பிடவில்லை. பழைய டேங்கை மணல் கொட்டி மூடி அதன் மேல் செம்பருத்தி வைத்தோம். பூ எடுக்கப் போகும்போதெல்லாம் மாமியார் காலால் தரையை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். 2011-இல் ஆலந்தூர் சென்னையோடு சேர்ந்தது. நகராட்சி போய்விட்டது, குழாய் இருக்கிறது.

ஆகவே, கொடுங்கள். ஆனால் கொடுக்கும் முன் மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: தனிக் கணக்கா, வேலை எப்போது தொடங்கும், இணைப்புக்குப் பிறகு மாதக் கட்டணம் எவ்வளவு. மாதக் கட்டணத்தைச் சொல்லாமல் முன்பணம் மட்டும் கேட்டால் சந்தேகப்படுங்கள். பம்ப் ஓட்ட யார் பணம் தருவது என்று அவர்கள் யோசிக்கவில்லை என்று பொருள்.

தி.நகர் வாசகர்: "மாநகராட்சி கடன் பத்திரம் வெளியிட்டதாமே. நான் ஓய்வூதியப் பணத்தில் வாங்கலாமா?"

2025 மே மாதம் சென்னை மாநகராட்சி 200 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டு தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. வட்டி 7.97 சதவீதம். ஏலத் தளத்தில் நிறுவனங்கள் கேட்டு வாங்கிய பத்திரம் அது, நம்மைப் போன்றவர்கள் தபால் ஆபீஸில் வாங்குவது போல வாங்க முடியாது. உங்கள் பணம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலேயே இருக்கட்டும்.

எனக்கு இதில் பிடித்தது வேறு. பத்திரம் விற்க வேண்டுமானால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் விதிப்படி தணிக்கை முடிந்த கணக்கைக் காட்ட வேண்டும், தர மதிப்பீடு வாங்க வேண்டும். மூன்று வருடம் தணிக்கை பாக்கி என்று சொல்லிக்கொண்டு சந்தைக்குப் போக முடியாது. வார்டில் நாம் கேட்டால் வராத கணக்கு, முதலீட்டாளர் கேட்டால் வருகிறது. சின்ன ஊர்களுக்கு இது எட்டாது என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2002 வாக்கிலேயே சென்னையைச் சுற்றியிருந்த சில ஊர்கள் உட்படப் பத்துக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் சேர்ந்து, குடிநீருக்கும் சாக்கடைக்கும் சுமார் 30 கோடிக்குக் கூட்டாகப் பத்திரம் வெளியிட்டன. தனியாகப் போனால் யாரும் மதிக்காத ஊர்கள் கூட்டாகப் போனபோது கடன் கிடைத்தது.

மணலி வாசகர்: "எங்கள் பக்கம் மழைநீர் வடிகால் வேலைக்கு வெளிநாட்டு வங்கிக் கடனாம். யார் திருப்பிக் கட்டுவது?"

கொசஸ்தலையாறு வடிநிலத் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் தருகிறது. 2021-இல் ஒப்புதல் ஆனது. தெற்கே கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி. கடன் ஒப்பந்தத்தில் மத்திய அரசு கையெழுத்திடும், திருப்பிச் செலுத்தும் சுமை மாநிலத்துக்கு வரும். சுற்றி வளைத்துப் பார்த்தால் நீங்கள் பெட்ரோல் போடும்போது கட்டுகிற வரியிலிருந்துதான்.

கடன் வாங்கி வடிகால் கட்டுவது தப்பில்லை. ஐம்பது வருடம் இருக்கப் போவதை ஒரே வருட வரியில் கட்ட முடியாது. ஆனால் ஒவ்வொரு ஆவணியிலும் அந்த வடிகாலின் வண்டலை எடுக்க வேண்டுமே, அதற்கு எந்த வங்கியும் கடன் தராது. அது நான் முதலில் சொன்ன தினச் செலவுப் பையிலிருந்து வர வேண்டும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகக் கழிவுநீர்க் குழாயைச் செருகி வைத்திருக்கும் வீடுகள் எல்லாத் தெருவிலும் உண்டு. அந்தச் சகதிதான் வண்டலோடு சேர்ந்து இறுகிப் போகிறது. உங்கள் தெருவில் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களிடம் நீங்கள்தான் பேச வேண்டும்.

கோடம்பாக்கம் வாசகி: "மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி இருக்கிறது. ஸ்டேஷனுக்கு நடந்து போக ஒரு நடைபாதைக்குப் பணம் இல்லையா?"

118.9 கிலோமீட்டர் மெட்ரோவுக்கென்று ஜப்பான் அரசின் ஜைக்கா போன்ற வெளிநாட்டு நிதி அமைப்புகள் கொடுத்த கடனை உங்கள் தெரு நடைபாதைக்குத் திருப்ப முடியாது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. நடப்பவர்களுக்கென்று தனிக் கொள்கையை 2014-லேயே ஏற்றுக்கொண்ட மாநகராட்சி இது. பாண்டி பஜாரில் 2019-இல் அகலமான நடைபாதை போட்டுக் காட்டினார்கள். வயதானவர்கள் அங்கே பயமில்லாமல் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டேஷன் வாசலிலிருந்து அரைக் கிலோமீட்டர் நடைபாதையையும் மெட்ரோ திட்டச் செலவிலேயே சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். இனி வரும் தடங்களுக்காவது கேட்கலாம்.

பெரம்பூர் கல்லூரி மாணவர்: "பகுதி சபைக் கூட்டம் என்று நோட்டீஸ் பார்த்தேன். போனால் என்ன பேசுவது?"

முதலில், போகிறேன் என்றதற்குச் சந்தோஷம். 74-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993-இல். வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் தமிழ்நாட்டில் விதிகள் வந்தது 2022-இல்தான். கிராமசபை மாதிரி நகரத்துக்கும் ஒன்று வர இவ்வளவு காலம் ஆயிற்று. கவுன்சிலர் தலைமை தாங்குவார். இன்ஜினியரும் வருவார்.

புதிதாக என்ன வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். பூங்கா, ஜிம், வளைவு. நீ வேறு ஒன்றைக் கேள், தம்பி. "நம் வார்டில் வடிகால் தூர்வார இந்த வருடம் எவ்வளவு ஒதுக்கினார்கள், எந்தத் தெருவில் எந்தத் தேதியில் எடுத்தார்கள், எடுத்த வண்டல் எத்தனை லோடு?" வாயால் கேட்காமல் ஒரு தாளில் எழுதிக் கொடு, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கு. கூட்டக் குறிப்பில் அந்தக் கேள்வி ஏறியிருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் பார். லோடு கணக்குக்கு லாரி டிரிப் ஷீட் உண்டு. "இல்லை" என்றால், இல்லாமல் பில் எப்படி பாஸ் ஆனது என்று கேள்.

கூட்டம் முடிந்ததும் என்ன பதில் வந்தது என்று எனக்கு ஒரு கார்டு எழுது. டிரிப் ஷீட்டின் நகல் கிடைத்தால் அதையும் அனுப்பு, உட்கார்ந்து கூட்டிப் பார்க்கிறேன்.